பந்தலில் இல்லாத கறி

2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. கோழி உண்டு, ஆடு உண்டு, மாடு கிடையாது. மாட்டுத்தோலைச் செருப்பாக்கிச் சீமைக்கு அனுப்பிப் பிழைக்கிற ஊர் அது. தோல் இனிக்கும், கறி மட்டும் கசக்குமாக்கும்! எதிர்ப்புக் கிளம்பியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. மழை வரும் என்று சொல்லி விழாவையே தள்ளிவைத்தார்கள். அந்த ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் கண்டனம் எழுந்த பிறகுதான் மாட்டுக்கறிக்கு இடம் கிடைத்தது.

காரியாபட்டிப் பக்கம் எங்க அம்மாச்சி உப்புக்கண்டத்தைக் கொடியில் காயப்போடும்போது தெருவை ஒருதரம் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் "ராத்திரி என்னடா கொழம்பு?" என்று வாத்தியார் கேட்டால் "பருப்பு சார்" என்போம். நாங்க பயந்துபோய்ச் சொன்ன பொய் அது. அதையே பந்தல் போட்டுச் சொல்ல வந்த அரசாங்கத்துக்கு யாருகிட்டப் பயம்?