செஞ்சிக் கோட்டையும் கம்பெனியாரின் பாஷைப் பயிற்சியும்

செஞ்சியின் சரித்திரத்தை ஒரே பாஷையின் துணைகொண்டு எழுத முற்படுபவர் பாதி வழியிலேயே நின்றுவிட நேரும். தெலுங்கு பேசிய நாயக்கர்கள் ஆண்டு, 1649-இல் பீஜப்பூர்ப் படைக்கு வசமாகி, 1677-இல் சிவாஜியிடம் சேர்ந்து, 1698-இல் மொகலாயர் கைக்கு மாறி, 1750-இல் பிரெஞ்சுக்காரராலும் 1761-இல் ஆங்கிலேயராலும் கைப்பற்றப்பட்ட அக்கோட்டையில், சாதத்துல்லா கானின் மசூதி பாரசீகச் சாசனம் தாங்கி நிற்க, சுற்றியுள்ள ஊர்களின் குடிகளோ என்றும்போல் தமிழே பேசி வந்தனர். இத்தகைய நாட்டை ஆளவந்த கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நம் பாஷைகளை எவ்வாறு கற்றனர், அக்கல்வியின் குணம் யாது, தோஷம் யாது என்று ஆராய்வதற்குச் செஞ்சி தகுந்த நிலைக்களமாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கல்வி என்பது பெரும்பாலும் லத்தீனும் கிரேக்கமுமே. கம்பெனியின் எழுத்தராகச் சென்னை வந்த இளைஞர்கள் பள்ளியில் மனனம் செய்த லத்தீன் இலக்கணத்தோடு வந்தார்களேயன்றி, இந்நாட்டுப் பாஷை ஒன்றும் அறிந்து வந்தவர்களல்லர். ஆகவே வியாபாரமும் ராஜதந்திரமும் துபாஷிகளின் நாவிலேயே நடந்தன. செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசமான காலத்தில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவர்க்கு, இரு பாஷையும் அறிந்த மனிதர் ஒருவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பது விளங்கும். கம்பெனியார் முதலில் கற்க விரும்பியது நவாபுகளின் தர்பாரில் வழங்கிய பாரசீகத்தையே. வில்லியம் ஜோன்ஸ் 1771-இல் வெளியிட்ட பாரசீக இலக்கணம் அவ்விருப்பத்துக்குத் துணை நின்றது. குடிகளின் தமிழுக்கு முறையான இடம் கிடைக்க, 1812-இல் சென்னை ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்கல்லூரியின் சிறப்பை மறைத்தல் நியாயமன்று. லத்தீன் போன்ற வழக்கொழிந்த ஒரு பாஷையை வேற்றுமையும் வினைத்திரிபுமாகப் பகுத்துக் கற்ற மாணவனுக்கு, புதிய பாஷை எதையும் அதன் அமைப்போடு நோக்கும் ஒழுங்கு வாய்த்திருந்தது. அவ்வொழுங்கின் உச்சியை, அக்கல்லூரியை நிறுவிய எல்லிஸ் துரையிடம் காண்கிறோம். தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்பதை, கால்டுவெலுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816-இல் அவர் நிறுவினார். ஆளும் தேவைக்காகத் தொடங்கிய கல்வி, ஆட்சிக்கு நேரே உதவாத ஓர் உண்மையைக் கண்டடைந்தது அதன் பெருமை.

எனினும் அதே வளர்ப்பு ஒரு குறையையும் கொணர்ந்தது. வீதியில் ஒருவரும் பேசாத லத்தீனைக் கற்ற கண்ணுக்கு, பாஷை ஏட்டிலிருக்கும் பொருளாகவே தோன்றிற்று. அக்கல்லூரியின் தேர்வில் தேறிய இளைஞர், கச்சேரியில் ஒரு குடியானவர் தம் நிலவரியைப் பற்றி முறையிடும்போது, மறுபடியும் துபாஷியின் முகத்தையே நோக்கும் நிலை எளிதில் நேரக்கூடியதாயிற்று. உத்தியோக உயர்வும் ஊதியமும் தேர்வோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், பலருக்கு அவை கிடைத்தபின் கற்கும் காரணமும் தீர்ந்தது. எல்லிஸைப் போன்றவர் சிலரே.

இவ்விரண்டு பக்கங்களும் செஞ்சியிலேயே சந்திக்கின்றன. ஆர்க்காட்டுக் கமிஷனராயிருந்த வில்லியம் மக்ளியாட் என்ற ராணுவ அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயண பிள்ளை ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ எழுதினார். கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்ஸியின் தொகுப்பில் சேர்ந்து பிழைத்த அந்நூலைத்தான், 1943-இல் செஞ்சியின் வரலாற்றை எழுதிய சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரியாரும் ஆதாரங்களுள் ஒன்றாகக் கொண்டார். பல்லாயிரம் சாசனங்களையும் கைபீதுகள் என்னும் ஊர் வரலாறுகளையும் திரட்டிய மெக்கன்ஸி, இந்நாட்டுப் பாஷை எதிலும் தமக்குத் தேர்ச்சியில்லை என்பதைத் தாமே ஒப்புக்கொண்டவர். அவருக்குக் கண்ணும் செவியுமாயிருந்தவர்கள் காவலி வேங்கட போரய்யாவும் அவர் சகோதரர்களும். கேட்கும் ஆவல் அதிகாரிக்கு இருந்தது, கேட்டதை அறியும் ஆற்றல் நம்மவர்க்கு இருந்தது. பொக்கிஷமோ மெக்கன்ஸியின் பெயரால் வழங்குகிறது.

ஆதலின் இப்பயிற்சியை முழுதும் புகழ்வதும் முழுதும் இகழ்வதும் ஒருசேரப் பிழை. அது இலக்கணங்களைத் தந்தது, அழியவிருந்த சரித்திரங்களைக் காத்தது. ஆனால் போதித்த பண்டிதரையும் எழுதிய கணக்கரையும் கருவியாகக் கொண்டதேயன்றிச் சமமான அறிஞராகக் கொள்ளத் தவறியது. கற்பவர் கற்பிப்பவர்க்குச் செலுத்த வேண்டிய மரியாதையில் நேர்ந்த குறையே, இலக்கணப் பிழை எதனினும் பெரிய பிழை. அதைத் திருத்தும் கடமை இன்று நம்முடையது: செஞ்சியின் மலையேறும் தமிழர், தேசிங்கு ராஜன் கதையோடு அமையாமல், நாராயண பிள்ளையின் சரித்திரத்தையும் எடுத்துப் படித்து, அதை எழுதச் சொன்னவரின் பெயருக்கு முன்னே எழுதியவரின் பெயரைச் சொல்லத் தொடங்குதல் வேண்டும்.