விழாவும் பாடத்திட்டமும்: கறுப்பின வரலாற்றுக் கொண்டாட்டத்தின் கல்விப்புல அடிப்படை

முன்னுரை

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல கறுப்பின வரலாற்றுத் திங்களைக் கொண்டாடுகின்றன. சொற்பொழிவு, இசை, நாடகம், கண்காட்சி என விரியும் இந்நிகழ்வுகளை வெறும் சடங்கு எனப் புறந்தள்ளுவோர் உளர். அவற்றையே சமத்துவத்திற்குப் போதிய சான்றாகக் கொள்வோரும் உளர். இக்கொண்டாட்டம் ஆய்வுப் பணியின் ஓர் உறுப்பாகத் தோன்றியது என்பதை இரு சாராரும் கருத்தில் கொள்வதில்லை. இதனைத் தொடங்கிவைத்த கார்ட்டர் ஜி. உட்சன் 1933இல் வெளியிட்ட ‘தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் த நீக்ரோ’ (நீக்ரோவின் தவறான கல்வி) என்னும் நூலை மையமாகக் கொண்டு, விழாவிற்கும் பாடத்திட்டத்திற்கும் இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்விலிருந்து விழாவிற்கு

உட்சன் 1875இல் வர்ஜீனியாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோர்க்குப் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, இருபதாம் வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1915இல் சிகாகோவில் நீக்ரோ வாழ்வு மற்றும் வரலாற்று ஆய்வுக் கழகத்தை நிறுவினார்; 1916இல் அதன் ஆய்விதழைத் தொடங்கினார். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1911இல் தோன்றிய ஒமேகா சை ஃபை என்னும் மாணவர் அமைப்பு, அவருடைய தூண்டுதலால் 1924இல் வரலாறு, இலக்கியம் ஆகியவற்றிற்கென ஒரு வாரத்தைக் கொண்டாடியது. அதன்பின் 1926 பிப்ரவரியில் கழகமே நீக்ரோ வரலாற்று வாரத்தைத் தொடங்கியது. லிங்கன், ஃபிரடரிக் டக்ளஸ் ஆகியோரின் பிறந்தநாள்கள் அமைந்த வாரம் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இங்கு வரிசைமுறை நோக்கத்தக்கது. முதலில் கழகம், அடுத்து இதழ், பின்னர்ப் பத்தாண்டுக்கால ஆவணத் திரட்டு, இறுதியாக விழா. ஆண்டு முழுவதும் கற்றதைப் பொதுமக்கள்முன் வைத்துக் காட்டும் வாய்ப்பாகவே உட்சன் இவ்வாரத்தைக் கருதினார். தனித்து ஒதுக்கப்பட்ட ஒரு வரலாற்றை அவர் வேண்டவில்லை. உலக வரலாற்றில் கறுப்பின மக்களுக்குரிய இடத்தையே வேண்டினார். அவ்விடம் கிட்டும் நாளில் தனி வாரம் தேவையற்றுப்போகும் என்பதும் அவர் எதிர்பார்ப்பு.

நூலின் வலிவும் மெலிவும்

கறுப்பின மாணவர்க்குக் கல்வி மறுக்கப்பட்டதை மட்டும் உட்சனின் நூல் பேசவில்லை; வழங்கப்பட்ட கல்வியின் இயல்பையும் அது கேள்விக்குள்ளாக்குகிறது. ஐரோப்பாவின் பெருமையை விரித்துரைத்து ஆப்பிரிக்காவைப் பற்றி வாய்திறவாத பாடநூல், மாணவர் உள்ளத்தில் தாழ்வுணர்வை ஊன்றுகிறது. அதனைப் பாடமாகவே கற்றுத் தேர்ந்தவரைத் தாழ்த்துவதற்கு வேறொருவர் வேண்டியதில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். பாடத்திட்டத்தின் மௌனத்தையும் ஒடுக்குமுறையின் கருவியாக இனங்கண்டமை இந்நூலின் வலிவு எனலாம்.

எனினும், உரைகளிலிருந்தும் செய்தித்தாள் கட்டுரைகளிலிருந்தும் தொகுக்கப்பட்ட நூலாதலின் கூறியது கூறல் மிகுந்து காணப்படுகிறது. கற்றோர் தம் மக்களிடமிருந்து விலகிவிட்டனர் என்னும் குற்றச்சாட்டும் வரம்பு கடந்த பொதுமையாக்கமே. வரலாற்று வாரத்தை ஊர்தோறும் நிலைபெறச் செய்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். அவர்களுள் பெண்கள் பலர். உட்சன் குறைகூறிய அதே கல்வியைப் பெற்றவர்கள், அவருடைய திட்டத்தையே தோளில் சுமந்தனர். நூலின் கூற்றை அதன் ஆசிரியர் தொடங்கிய இயக்கமே ஓரளவு மறுக்கிறது என்பது இதனால் புலனாகும்.

நூலகத்தின் சான்று

கல்வி நிறுவனத்தின் மௌனம் பாடநூலோடு முடிவதில்லை என்பதற்கு ஹோவர்டு பல்கலைக்கழக நூலகம் தக்க சான்றாகும். 1930 முதல் அங்குக் கறுப்பின நூற்றொகுப்பைப் பொறுப்பேற்று வளர்த்த டோரதி போர்ட்டர், டூயி தசமப் பகுப்பு முறை நூலகங்களில் கையாளப்பட்ட விதத்தை எதிர்கொண்டார். கறுப்பின மக்கள் எழுதிய நூல்கள், அவர்களைப் பற்றிய நூல்கள் ஆகியன அடிமை முறைக்குரிய 326, குடியேற்றத்திற்குரிய 325 என்னும் எண்களுக்குள் அடைக்கப்பட்டு வந்தன. ஒரு கறுப்பினக் கவிஞரின் தொகுதிகூடக் கவிதைக்குரிய இடத்தைப் பெறவில்லை. போர்ட்டர் இம்முறையை ஏற்க மறுத்து, நூல்களை அவற்றின் பொருளுக்கும் ஆசிரியருக்கும் ஏற்ப வகைப்படுத்தினார். கவிதையைக் கவிதையாக அடுக்கிய அச்செயல், எந்த மேடை நிகழ்ச்சிக்கும் குறையாத கொண்டாட்டம் எனத் துணிந்து கூறலாம்.

வாரத்திலிருந்து திங்களுக்கு

வாரம் திங்களாக விரிந்ததில் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒஹையோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின ஐக்கிய மாணவர் அமைப்பும் ஆசிரியர்களும் 1969 பிப்ரவரியில் இக்கருத்தை முன்மொழிந்தனர். 1970 ஜனவரி 2 முதல் பிப்ரவரி 28 வரை அங்கு முதல் கொண்டாட்டம் நிகழ்ந்தது. இது போராட்டக் காலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் தொடங்கிய மாணவர் வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்து, இனக்குழுவியல் கல்விப்புலம் ஒன்றை ஈட்டித் தந்தது. இக்காலத்தில் மேடைக்கான வேண்டுகையும் வகுப்பறைக்கான வேண்டுகையும் ஒருங்கே எழுந்தன. 1972இல் உட்சனின் கழகம் தன் பெயரிலிருந்த ‘நீக்ரோ’ என்னும் சொல்லை நீக்கி ‘ஆஃப்ரோ அமெரிக்க’ என மாற்றிக்கொண்டது. 1976இல் குடியரசுத் தலைவர் ஃபோர்டு திங்கள் கொண்டாட்டத்தை அரசுநிலையில் ஏற்றுரைத்தார்.

அரசேற்பு நிலையானதன்று. அதே ஒஹையோவில் 2025இல் இயற்றப்பட்ட சட்டம், அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மை, சமத்துவம், உள்ளடக்கல் ஆகியவற்றிற்கான அலுவலகங்களுக்கும் திட்டங்களுக்கும் தடைவிதித்தது. மூன்றாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 5 பட்டங்களுக்குக் குறைவாக வழங்கும் இளநிலைப் பாடப்பிரிவுகளை நீக்கவும் அது வழிவகுத்தது. அலுவலகத்தை மட்டும் நம்பிய விழா ஓர் ஆணையால் நின்றுபோகக்கூடும். அவ்வாறே, மாணவரை ஈர்க்காத பாடப்பிரிவும் எண்ணிக்கையின் பெயரால் மறையக்கூடும். இதனால் விழாவையும் வகுப்பையும் ஒன்றற்கொன்று மாற்றாகக் கருதுதல் பிழை என்பது தெளிவாகிறது.

இந்தியத் தொடர்பு

இவ்வரலாறு இந்தியச் சிந்தனைக்குப் புறம்பானதன்று. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’யை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.இ.பி. டுபாய்சுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட கறுப்பின மக்களின் விண்ணப்பம் பற்றி வினவினார். 1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம், 1966இல் ஓக்லாந்தில் தோன்றிய கறுஞ்சிறுத்தைக் கட்சியின் பெயரை அடியொற்றியது. 1990களின் தமிழ்த் தலித் இலக்கிய விவாதங்களிலும் கறுப்பிலக்கியம் ஒப்பீட்டுக்கு எடுத்தாளப்பட்டது. ஆயினும் அவ்வொப்பீடு பெரும்பாலும் கவிதையிலும் தன்வரலாற்றிலும் நின்றுவிட்டது. கறுப்பின அறிஞர்கள் உருவாக்கிய இதழ், ஆவணக்காப்பகம், நூற்பகுப்பு ஆகிய கல்விக் கருவிகளை நோக்கி அது போதிய அளவு விரியவில்லை.

முடிவுரை

உட்சன் தந்த அளவுகோல் எளியது: விழாவில் காட்டப்படுவது ஆண்டு முழுவதும் கற்பிக்கப்பட்டதா என்பதே அது. ஆம் எனில் விழா கல்வியின் வெளிப்பாடு. இல்லை எனில் அது பாடத்திட்டத்தின் மௌனத்தை மறைக்கும் திரை. ஒடுக்கப்பட்டோர் வரலாற்றைப் போற்றும் எந்தப் பல்கலைக்கழகமும், நம் தமிழ்த்துறைகள் உட்பட, இவ்வளவுகோலுக்கு உட்பட்டனவே. கருத்தரங்க அழைப்பிதழில் இடம்பெறும் பெயர்கள் பாடத்திட்டத்திலும் நூலக அடுக்கிலும் உரிய இடத்தில் உள்ளனவா என நாம் நம்மையே வினவிக்கொள்ளுதல் வேண்டும்.