அப்பாச்சி 165 ஆர்பி: 19.2 பிஎஸ் எந்த ரோட்டுக்கு?

2021 டிசம்பரில் ஓசூர் டிவிஎஸ் 'அப்பாச்சி ஆர்டிஆர் 165 ஆர்பி' என்று ஒரு வண்டியை விட்டார்கள். ஆர்பி என்றால் ரேஸ் பெர்ஃபார்மன்ஸ். மொத்தம் 200 வண்டிதான். விலை 1.45 லட்சம், டெல்லி எக்ஸ்-ஷோரூம். பெரிய வால்வு, ஹை லிஃப்ட் கேம், அதற்கேற்ற ஸ்பிரிங் என்று ஹெட்டையே மாற்றியிருந்தார்கள். வந்த விமர்சனங்களில் நான் படித்தவை பெரும்பாலும் '19.2 பிஎஸ்' என்ற எண்ணையே சுற்றிச் சுற்றி வந்தன. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பக்கத்திலேயே இருந்த இன்னொரு எண்.

ஆர்டிஆர் 160 4வி: 159.7 சிசி, 9250 ஆர்பிஎம்மில் 17.63 பிஎஸ், 7250-ல் 14.73 நியூட்டன் மீட்டர் டார்க். 165 ஆர்பி: 164.9 சிசி, 10000-ல் 19.2 பிஎஸ், 8750-ல் 14.2 நியூட்டன் மீட்டர். கவனிச்சீங்களா? இன்ஜின் 5 சிசி பெரிசாகி, டார்க் குறைஞ்சிருக்கு. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 92-லிருந்து 86.

பவர் என்பது டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் வருவது. அந்தக் கணக்கில் 160 4வி 7250-ல் 15.2 பிஎஸ் தருகிறது. ஆர்பியின் உச்ச டார்க்கே 14.2 என்பதால், அதே 7250-ல் அது எப்படிப் பார்த்தாலும் 14.7-ஐத் தாண்ட முடியாது. அதாவது அந்த இடத்தில் விலை கூடின வண்டி, கணக்குப்படியே, பின்னால்தான் நிற்கும்.

இது தவறான டிசைன் இல்லை. கேம்ஷாஃப்ட் வேலையே இப்படித்தான். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாய்ந்து வரும் காற்றுக்கு ஒரு உந்துதல் இருக்கு, பிஸ்டன் எதிரே வந்தாலும் தொடர்ந்து நுழையும். மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்துதல் கிடையாது. பிஸ்டன் கலவையை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். வால்வை மூடுவதைத் தள்ளிப்போடப் போட மேலே லாபம், கீழே நஷ்டம். பெரிய வால்வும் பெரிய போர்ட்டும் இதே திசையில்தான் இழுக்கும், குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறைந்துவிடும்.

ரேஸ் டிராக்கில் இது சரியான பேரம். இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டுகிறவர் 7000-க்குக் கீழே முள்ளை இறங்க விடமாட்டார். ஆனால் தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிக்கு இறங்கும் மலைப்பாதையை எடுத்துக்குங்க. வளைவுக்கு வளைவு இரண்டாவது, மூன்றாவது கியர். முள் 4000-க்கும் 6000-க்கும் நடுவில். அடுத்த திருப்பத்தில் யானை நிற்கலாம் என்ற காட்டுக்குள் 10000 ஆர்பிஎம்மில் அலறிக்கொண்டு போவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

டிவிஎஸ்ஸைப் பாராட்ட வேண்டிய இடமும் இருக்கு. கேமை மட்டும் மாற்றி விடவில்லை. ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் உயர்ந்த ஆர்பிஎம்மில் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும், பிஸ்டனில் மோதும் அபாயம் உண்டு. ஹெட்டைக் கூட்டாகப் பார்த்ததுதான் அந்த வண்டியின் உண்மையான தரம். நம்ம ஊர்ப் பட்டறைகளில் 'கேம் மட்டும் கிரைண்ட் பண்ணிக்கலாம் சார்' என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க. இந்த இன்ஜினில் இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் சேர்த்து ஒரே கேம். இரண்டு லோபுக்கும் நடுவே உள்ள கோணம் கிரைண்டிங்கிலேயே உறைந்துவிடும், பிறகு ஸ்ப்ராக்கெட்டை நகர்த்தித் திருத்த முடியாது. எரிபொருள் மேப் வேறு பழைய கேமுக்காக எழுதினது. வாரன்டி போவது தனிக்கதை.

என் குறை வேறு. இப்படி மேல்நோக்கி நகர்ந்த இன்ஜினோடு அதே 5 கியரை வைத்தது. பவர் இருக்கும் பட்டை குறுகும்போது கியர்கள் நெருக்கமாக இருக்கணும். இல்லையென்றால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பட்டைக்கு வெளியே விழுவோம்.

இதே பிரச்சினைக்கு யமஹா ஆர்15-இல் விவிஏ என்று ஒரு விடை வைத்தார்கள். 7400 ஆர்பிஎம் வரை ஒரு லோப், அதற்கு மேல் உயரமான இன்னொரு லோப். 155 சிசியில், 2018-இல் வந்த மாடல், அதே 10000-ல் 19.3 பிஎஸ் கொடுத்தது. உச்ச டார்க் 15. அது வாட்டர் கூலிங் உள்ள இன்ஜின், அதனால் முழுக்க நியாயமான ஒப்பீடு இல்லைதான். இருந்தாலும் தெருவில் ஓட்டுகிற ஒருத்தர் இரண்டில் எந்த யோசனைக்குக் காசு கொடுக்கணும் என்று கேட்டால், நான் இரண்டு லோப் பக்கம்தான்.

மலைப்பாதையில் இழுவை போதவில்லை என்று கேம் தேடுகிறவர்கள் முதலில் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பார்க்கலாம். 44 பல் இருந்த இடத்தில் 46 என்று வைத்துக்கொள்வோம், சக்கரத்தில் டார்க் 4.5 சதவீதம் கூடும், எல்லா ஆர்பிஎம்மிலும். டாப் ஸ்பீடு கொஞ்சம் போகும். அஞ்செட்டி ரோட்டில் அதை யார் தொடப் போறாங்க?