நட்சத்திரக் கணக்கும் வாசகத் தோழமையும்

நூலை வாசிப்பது தனிமையில் நிகழும் செயல். ஆனால் வாசித்து முடித்தவர் தனிமையை விரும்புவதில்லை. கடைசிப் பக்கத்தை மூடிய மறுகணமே, "இதை நீங்களும் படித்தீர்களா?" என்று கேட்பதற்கு ஓர் ஆளை உள்ளம் தேடுகிறது. அந்த ஆள் அண்டை வீட்டில் கிடைப்பது அரிது. நம் குடும்பங்கள் பலவற்றில் புத்தகம் வாசிப்பவர் ஒருவராகவே இருக்கிறார். அவர் பெண்ணாயின், படித்ததைப் பேசத் துணை கிடைப்பது இன்னும் அரிது. இக்குறையை நீக்க வந்தவையே இணையவழி வாசகர் வட்டங்கள். அவை வந்த வேலையைச் செய்தனவா என்பதை நடுநிலையோடு நோக்குவோம்.

இவ்வட்டங்களுள் பெரும்புகழ் பெற்றது 'குட்ரீட்ஸ்'. ஓடிஸ் சாண்ட்லர், எலிசபெத் கூரி என்னும் இருவர் 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதனைத் தொடங்கினர். நண்பர் ஒருவரின் இல்லத்தில் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தோன்றிய எண்ணமே இதற்கு வித்து என்று சாண்ட்லர் கூறியிருக்கிறார். உயர்ந்த எண்ணம்! ஒருவரின் அலமாரியைப் பார்ப்பது அவர் உள்ளத்தைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். படித்தவை, படித்துக்கொண்டிருப்பவை, படிக்க விரும்புபவை என ஒவ்வொருவரும் தம் அலமாரியை இங்கே அடுக்கி வைக்கலாம். பிறர் அலமாரியையும் காணலாம். கடல் கடந்து வாழும் ஒருவர், தாம் நேசிக்கும் நூலை நேசிக்கும் இன்னொருவரை இவ்வாறு கண்டடைகிறார். இந்த நன்மையை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

ஆயினும் அந்த அலமாரியின் முகப்பில் ஓர் அளவுகோலையும் மாட்டிவிட்டனர். ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடும் முறையே அது. அத்தளத்தின் விளக்கப்படி, இரண்டு நட்சத்திரம் என்றால் 'பரவாயில்லை' என்று பொருள். மூன்று என்றால் 'பிடித்திருந்தது' என்று பொருள். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கோ, ஐந்துக்கு இரண்டு என்பது தேர்வில் தோற்ற மாணவனின் மதிப்பெண்ணாகவே தோன்றுகிறது. கதையைப் பிடிக்காதவர் ஒருவர், மொழிபெயர்ப்பைப் பிடிக்காதவர் ஒருவர், பாதியில் நிறுத்தியவர் ஒருவர். இவர்கள் அனைவரும் இட்ட குறிகளைக் கூட்டி வகுத்து ஒரு சராசரியைக் காட்டுகிறார்கள். தீர்ப்பு மட்டும் வெளிவந்து, தீர்ப்புக்கான காரணம் மறைந்துபோனால் அது திறனாய்வு ஆகுமா?

இதன் விளைவை உலகம் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கண்டது. அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், சோவியத் காலத்துச் சைபீரியாவைக் களமாகக் கொண்ட தம் புதிய நாவலை அறிவித்தார். அது மறு ஆண்டு பிப்ரவரியில் வெளிவருவதாக இருந்தது. உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்திருக்கும் வேளையில் இத்தகைய நூலா என்று பலர் மனம் கொதித்தனர். நூற்றுக்கணக்கானோர் குட்ரீட்ஸில் அந்நூலுக்கு ஒற்றை நட்சத்திரம் இட்டனர். சில நாட்களிலேயே கில்பர்ட் வெளியீட்டை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். போரில் வீடும் உறவும் இழந்தோரின் வேதனையை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் தம் வேதனையைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவும் செய்தனர். ஆனால் அச்சேறாத நூலுக்கு வாசகர் மதிப்பெண் என்று ஒன்று இருக்க முடியுமா? வாசிக்காதவரின் கண்டனத்துக்கு வாசகர் தீர்ப்பு என்று பெயரிட்டால், வாசித்தவரின் சொல்லுக்கு மதிப்பு ஏது?

இன்னொரு குறையும் உண்டு. ஆண்டுக்கு இத்தனை நூல் படிப்பேன் என்று இலக்கு வைத்துக்கொள்ள அத்தளம் அழைக்கிறது. சோம்பலைப் போக்க அது உதவலாம். எண்ணிக்கையே குறிக்கோளானால், பருத்த நூலைக் கைவிட்டு மெலிந்த நூலை நாடும் மனம் வந்துவிடும். நம் பிள்ளைகள் ஐம்பது நூல் முடித்ததைச் சொல்லும்போது மகிழ்வோம்; உடனே, அவற்றுள் எதை மீண்டும் படிக்க ஆசை என்றும் கேட்போம்.

இணையத்தின் இயல்பே இதுதான் என்று சோர்வுற வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு டிம் ஸ்பால்டிங் தொடங்கிய 'லைப்ரரி திங்' என்னும் வட்டத்தில், அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தாமஸ் ஜெபர்சனின் நூல்களை வாசகர்கள் ஒன்றுகூடிப் பட்டியலிட்டனர். கூலி எதுவும் பெறாமல் அவர்கள் செய்த பணி அது. இன்று ஒருவர் தம் அலமாரியை ஜெபர்சனின் அலமாரியோடு ஒப்பிட்டு, இருவர்க்கும் பொதுவான நூல் எது என்று காணலாம். அங்கே நூலே நடுநாயகம். வாசகர் அதன் ஊழியர்.

நட்சத்திரம் இடும் வழக்கம் இல்லாத நாளில் நம் தமிழ்நாட்டில் வாசகர்கள் கூடவில்லையா? திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்து வட்டத்தொட்டியில் அன்பர்கள் கூடிக் கவிதையைச் சுவைத்தது தமிழுலகம் அறிந்த செய்தி. அங்கே பாட்டைப் படித்தால்தான் பேச்சு தொடங்கும். நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் கம்பனில் தோய்ந்து, சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். வேறு எவ்வகையிலும் ஒன்றுகூட வாய்ப்பில்லாதவர்களை ஒரே பாயில் அமர்த்தும் ஆற்றல் நல்ல நூலுக்கு உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே இவ்வட்டங்களை விட்டு விலகுமாறு நாம் கூறவில்லை. அங்கே செல்லுங்கள், ஆனால் வாசித்த பின் செல்லுங்கள். நட்சத்திரம் இட்டால் அதனோடு நான்கு வரிக் காரணமும் எழுதுங்கள். மாறுபட்ட கருத்துடையவரின் நான்கு வரியையும் பொறுமையோடு படியுங்கள். அந்த எட்டு வரிகளுக்கிடையேதான் தோழமை பிறக்கிறது. சராசரி எண்ணைப் பார்த்துத் திரும்புகிறவர், நண்பரின் வீட்டு வாசல்வரை போய் அலமாரியைக் காணாமல் திரும்பியவரே ஆவார்.