பின்பாரம்

மாட்டு வண்டியில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, 'பின்பாரமா இருக்கு, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க' என்பார். பின்னால் கனம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். சரியென்று எல்லோரும் முன்னால் போய் ஒண்டிக்கொண்டால் 'இப்ப முன்பாரம்' என்பார். இரண்டுக்கும் நடுவே, சற்றே முன்பாரமாக ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவருக்குத் தராசு தேவைப்பட்டதில்லை.

இந்தச் சமாசாரத்தை வைத்தே ஹாலிவுட்டில் ஒரு முழுநீளப் படம் எடுத்திருக்கிறார்கள். 1954-ல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்'. எம்.ஜி.எம். தயாரிப்பு, இயக்கம் வின்சென்ட் மின்னெல்லி. ஜோடி, லூசில் பால் - டெஸி ஆர்னாஸ். சமீபத்தில் மறுபடி பார்த்தேன். முதல் தடவை சிரித்த இடங்களில் இந்த முறை கொஞ்சம் பயமாக இருந்தது. அதற்காகவே எழுதுகிறேன்.

அந்தச் சமயத்தில் இந்த ஜோடி டி.வி.யில் 'ஐ லவ் லூசி' என்ற தொடரில் வாராவாரம் அமெரிக்காவையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. நிஜத்திலும் கணவன் மனைவி. வீட்டில் இலவசமாகப் பார்ப்பதைத் தியேட்டரில் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள் என்று ஸ்டூடியோவுக்குக் கவலை. கவலை வீணானது, படம் ஓடியது. திரைக்கதை எழுதிய ஆல்பர்ட் ஹாக்கெட், ஃபிரான்சஸ் குட்ரிச்சும் தம்பதிதான். புருஷன் பெண்டாட்டி சண்டையை எழுத வெளியே ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

கதை சின்னது. நிக்கி ஒரு சிவில் இன்ஜினீயர். வேலை முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த ப்ராஜெக்ட். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகும் டேஸிக்கு ஒரு யோசனை: ஊர் ஊராக வாடகை வீடு தேடுவதற்குப் பதில் வீட்டையே பின்னால் இழுத்துக்கொண்டு போனால் என்ன? பார்க்கப் போனது சின்ன டிரெய்லர். வாங்கியது 36 அடி நீள மஞ்சள் ராட்சசன். கட்டில், சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளே. அதைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தேனிலவுக்குக் கிளம்புகிறார்கள்.

இந்த இடத்தில் படம் செய்யும் முதல் நல்ல காரியம், கணக்குப் பார்ப்பது. டிரெய்லரின் விலையோடு செலவு நிற்கவில்லை. அதை இழுக்கப் பழைய காருக்குத் தெம்பில்லை, பெரிய கார் வேண்டும். காருக்குக் கொக்கி வேண்டும், தனி பிரேக் வேண்டும். நிக்கியின் முகம் சுருங்கிக்கொண்டே வருவதை மின்னெல்லி அவசரப்படாமல் காட்டுகிறார். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் யாரும் இந்தக் காட்சியில் வாய்விட்டுச் சிரிக்க முடியாது.

இரண்டாவது நல்ல காரியம், டிரெய்லரை ஒரு நிஜப் பொருளாக மதித்திருப்பது. பின்னால் இவ்வளவு பெரிய கனம் வந்தால் ஓட்டுகிறவனின் பழக்கமெல்லாம் தலைகீழாக வேண்டும். காரின் பிரேக்கை மட்டும் நம்பினால், பின்னால் வருவது நிற்காமல் முன்னால் இருப்பதைத் தள்ளும். அதனால் டிரெய்லர் பிரேக்கை முதலில் போடு என்று ஒருவர் நிக்கியின் தலையில் ஏற்றுகிறார். அந்தப் பாடம் மனுஷனை விடாமல் துரத்துகிறது. ரிவர்ஸ் எடுப்பது அதைவிட மோசம். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் பின்பகுதி வலது பக்கம் போகும். டேஸியின் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிக்கி ரிவர்ஸ் எடுக்கிறார். ஆளாளுக்கு யோசனை சொல்ல, ரோஜாச் செடிகளும் வீட்டு முகப்பும் காலி. நம் தெருவில் லாரி திரும்பும்போது 'வரலாம் வரலாம்' என்று நாலு பேர் கை காட்டுவோமே, அதே காட்சி.

நிஜத்தில் இந்த இழுவைப் பித்து சினிமாவுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. இன்னொரு தம்பதி. லெனார்ட் ஷோயன், அன்னா மேரி ஷோயன். 1945-ல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து போர்ட்லண்டுக்குக் குடிபெயரும்போது, இங்கே வாடகைக்கு எடுத்து அங்கே விட்டுவிடும்படியாக ஒரு டிரெய்லர் தேடினார்கள். கிடைக்கவில்லை. சரி, நாமே நடத்தலாம் என்று 5,000 டாலர் முதலோடு ஆரம்பித்ததுதான் யு-ஹால். ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விடலாம் என்ற இந்தச் சின்ன யோசனை, அமெரிக்கர்கள் வீடு மாறும் விதத்தையே மாற்றியது. இன்றைக்கு வாடகை லாரியில் வீட்டுச் சாமான், அதன் பின்னால் வாடகை டிரெய்லரில் சொந்தக் கார் என்று ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 4,000 கிலோமீட்டர் போகிறவர்கள் சகஜம்.

அப்படிப் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் பால பாடம் நம் வண்டிக்காரர் சொன்னதேதான். இழுக்கப்படும் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். 2,000 கிலோ என்றால் 200-லிருந்து 300 கிலோ. காரை ஏற்றும் டிரெய்லரில் காரின் மூக்கு முன்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும், இன்ஜின் கனம் அங்கேதான் இருக்கிறது என்பதால். பின்பாரமானால் டிரெய்லர் நாய் வாலை ஆட்டுவதுபோல் ஆட ஆரம்பிக்கும். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும், கடைசியில் வால் நாயை ஆட்டும். அப்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பயந்து பிரேக்கில் ஏறி மிதித்தால் கதை முடிந்தது. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு மணிக்கு 55 மைல்தான் உச்சம். சட்டமே அப்படி.

இது தெரிந்த பிறகு படத்தின் மலைக் காட்சியைப் பாருங்கள். டேஸிக்கு ஒரு பழக்கம். தங்கும் ஒவ்வோர் இடத்திலும் நினைவாக ஒரு கல் எடுத்து, ஊர் பேர் எழுதி வைத்துக்கொள்வாள். சின்னக் கல் இல்லை, பாறை. போதாததற்குப் பழ ஊறல் பாட்டில்கள். 8,000 அடி உயர மலைப் பாதை வருகிறது. கல்லையெல்லாம் தூக்கிப் போட்டுவிடு என்கிறார் நிக்கி. சரி என்கிறாள். போடவில்லை, உள்ளே ஒளித்து வைத்துவிடுகிறாள். குறுகலான பாதை, ஒரு பக்கம் அதலபாதாளம். இரண்டு பேரும் ஏதேதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே பயத்தை மறைக்கிறார்கள். மின்னெல்லி காமிராவைத் தூரத்தில் வைத்து, மலையின் ஓரத்தில் மஞ்சள் புழுவைப்போல் டிரெய்லர் ஊர்வதைக் காட்டுகிறார். ஏற்றத்தில் உருளும் கல் எந்தப் பக்கம் போகும்? பின்பக்கம். கொக்கியில் கனம் குறையும். படம் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ஆனால் நம் வயிற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. கல் கண்டுபிடிக்கப்பட்டு, வீசப்பட்டு, சண்டையில் கல்யாணமே முறியும் நிலைக்கு வருகிறது.

என் புகார் இங்கேதான். இவ்வளவு நேரம் பொருளின் கனத்தை மதித்த படம், கடைசியில் பழியைப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டு நகர்கிறது. டேஸி பொய் சொன்னது தப்பு, வாஸ்தவம். உயிர் போகிற தப்பு. ஆனால் நிக்கி என்ன செய்தார்? மனுஷன் இன்ஜினீயர், பாலத்துக்குக் கணக்குப் போடுகிற ஜாதி. ஒரு தடவைகூடத் தன் வீட்டை எடை மேடையில் ஏற்றிப் பார்க்கவில்லை. எவ்வளவு கனம் தாங்கும், எங்கே வைத்தால் ஆபத்து, எத்தனை கல் வரைக்கும் சரி என்று மனைவியிடம் உட்கார்ந்து பேசவில்லை. 'போட்டுவிடு' என்று உத்தரவு மட்டும். எண் தெரியாத இடத்தில் உத்தரவு வந்தால், எதிரே ஒளித்து வைப்பதுதான் வரும். இது டிரெய்லருக்கு மட்டுமான விதியில்லை.

இன்னொன்று, அந்தக் கற்கள். படம் அவற்றைப் பெண்ணின் பைத்தியக்காரத்தனமாகவே பார்க்கிறது. யோசித்தால், எந்த ஊரிலும் தங்கப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டு வந்த பெண், தங்கிய இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணாவது வேண்டுமென்று கேட்கிறாள். அவளுக்கென்று வேறு வாசல் எங்கே இருக்கிறது? இதைத் தொட்டிருந்தால் படம் வேறோர் உயரத்துக்குப் போயிருக்கும். மழையில் ஒரு சமாதானம், கட்டித் தழுவல், சுபம். கல் விஷயம் பேசப்படாமலே போகிறது. நிஜத்தில் அந்த ஜோடி 1960-ல் பிரிந்துவிட்டது. அதை வைத்துப் படத்தை எடை போடுவது நியாயமில்லை, ஆனாலும் கடைசிக் காட்சியில் அது ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

அமெரிக்காவில் இருக்கும் என் நண்பர் ஒருவரிடம் இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன். வேலை மாறி நியூஜெர்ஸியிலிருந்து டாலஸுக்கு வாடகை லாரியில் போனவர். பின்னால் டிரெய்லரில் கார். அப்படி ஏற்றிய காருக்குள் சாமான் வைக்கக் கூடாது. கிளம்புகிற அன்று சந்தேகத்தில் டிக்கியைத் திறந்தால், உள்ளே போர்வையில் சுற்றிய கோயம்புத்தூர் கிரைண்டர். கல்லோடு.

'தூக்கிப் போட்டீங்களா?' என்றேன்.

'அதெப்படிங்க, அவ அம்மா கொடுத்தது' என்றார். ஏன் டிக்கியில் வைக்கக் கூடாது என்று மனைவிக்குக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, 'அப்படின்னா முன்னாடி வைக்கலாமில்ல?' என்று கேட்டாராம். லாரியில் சாமானோடு சாமானாக, டிரைவர் பக்கத்து முன்சுவரை ஒட்டிக் கட்டி வைத்து, மூன்று நாள் ஓட்டிப் போய்ச் சேர்ந்தார்கள்.

மாவு அரைபடுகிறதா என்று கேட்டேன். வாரம் ஒரு முறையாம்.