டென்வர் வழியும் ஒரு நாற்பதும்

நம் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். என்னிடம் டியூட்டி பார்த்த பிள்ளைதான். ஆனாலும் இப்போது செயலாளர், மறுக்க முடியுமா?

பலத்த காயத்தோடு வந்தவருக்கு எந்த உறுப்பு எப்போது கைவிடும் என்று முன்கூட்டிச் சொல்வதில் உள்ள பரம்பரைகள் நம் உறுப்பினர்களுக்குத் தெரியாதவை அல்ல. 1974-ல் சூசன் பேக்கர் தந்த ஐ.எஸ்.எஸ். என்ற காயத் தீவிர மதிப்பெண் எல்லோருக்கும் பாட்டனார். இரண்டு தொடை எலும்பும் முறிந்தவனுக்கு அது ஒரே 9-தான் கொடுக்கும். 1997-ல் ஆஸ்லர் வந்துதான் அதை 18 ஆக்கினார்.

சோஃபா என்ற உறுப்புச் செயலிழப்பு மதிப்பெண்ணின் வழியார் கோபிக்கக் கூடாது. அதை உருவாக்க 1994-ல் பாரிஸில் கூடியவர்கள் மனத்தில் இருந்தது செப்சிஸ். தலைக்காயத்தில் மயங்கிக் கிடப்பவனின் மயக்கத்தையும் உறுப்புச் செயலிழப்பாக எண்ணிக்கொள்கிறது அது. டென்வரில் தங்கள் மதிப்பெண்ணை வகுத்த மூர் குழுவினர் மூளையைத் தொடவில்லை: நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், இதயம், அவ்வளவுதான். முதல் 48 மணி நேரத்தைக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அந்த நிதானம் பெரிது.

எங்கள் ஆசான் டென்வரைப் பார்த்ததில்லை. ஆனால் டென்வர் வழிக்காரர். முதல் 12 மணி நேரத்தில் ஆறு பைக்கு மேல் ரத்தம் ஏறியிருந்தால் கேஸ் ஷீட்டின் மூலையில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். பிறகு புறங்கையை நோயாளியின் முழங்காலில் வைப்பார். சில்லென்றிருந்தால் லாக்டேட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க மாட்டார். லாக்டேட்டை அவர் மதிக்காதவர் அல்லர். 24 மணி நேரத்துக்குள் அது இறங்கியதா என்று மறுநாள் அவரே வந்து கேட்பார்.

இன்று? யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. நம் சங்கத்தார் அப்படிச் செய்யவும் மாட்டார்கள். ஆனால் சில இடங்களில் யூரின் சார்ட்டைப் புரட்டினால் இரவு 10 முதல் காலை 6 வரை 40, 40, 40. ஒரே பேனா, ஒரே சாய்வு. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி. போதும் என்பதால் 40 போட்டால் கேள்வி வராது என்பது எழுதியவருக்குத் தெரியும். சிறுநீரை அளக்கும் யூரோமீட்டரோ கட்டிலுக்கடியில் மடங்கிக் கிடக்கிறது. அந்த நாற்பதுகளை வாங்கிக்கொண்டு மென்பொருள் ஆபத்து விகிதத்தைத் தசமப் புள்ளியோடு சொல்கிறது, அதை மாநாட்டில் வண்ணப் படமாகப் போடுகிறார்கள், கை தட்டுகிறோம். சிறுநீரகம் போனது மூன்றாம் நாள் கிரியேட்டினினில்தான் தெரிகிறது. அதையும் சிலர் 'எதிர்பாராதது' என்று எழுதுகிறார்கள்! யூரோமீட்டரைக் குனிந்து பார்க்காத தலைமுறைக்குப் பேக்கர் என்ன, மூர் என்ன? குனிந்து பார்ப்பீர்களா என்று உதவிப் பேராசிரியர் நியமனத்திலேயே கேட்க வேண்டும் என்பேன்.

வருகிற பொதுக்குழுவில் தீர்மானமாகவே கொண்டுவருகிறேன்: சிறுநீரை மணிக்கொரு முறை அளந்தவர் அந்தந்த மணிக்கு எதிரே கையெழுத்திட வேண்டும். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும்.