பிரேக்கில் வரும் லாபம்

என் பி.காம். வகுப்புத் தோழன் ஒருவன் ஹைபிரிட் கார் வாங்கியிருக்கிறான். “திருத்தணிக்குப் போய் பூஜை போடணும். நீயே ஓட்டிப் பாருடா” என்றான். ஓசியில் காரும் முருகனும் கிடைத்தால் யார் விடுவார்கள்? என் பழைய காரை மாற்றச் சொல்லி வீட்டில் நச்சரிப்பு வேறு.

பாடியிலிருந்து ஆவடி வரை வழக்கமான நெரிசல். அங்கேதான் இந்த வண்டி சமர்த்து. சத்தமே இல்லாமல் பேட்டரியில் நகர்கிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடுகிறது. பிரேக்கை மிதித்தால், சாதாரண காரில் வெறும் சூடாகிக் காற்றோடு போகிற சக்தியில் ஒரு பகுதி மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்புகிறது. முன்னால் போன ஷேர் ஆட்டோ சடாரென்று நின்றபோது எனக்குக் கோபமே வரவில்லை. வரவு வைத்துக்கொண்டேன்!

திருவள்ளூர் தாண்டி வேகம் பிடித்ததும் கதை மாறியது. பிரேக்குக்கு வேலை இல்லை. அதனால் பேட்டரிக்கு வரவும் இல்லை. பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜின்தான் இழுத்தது. மலைப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், வண்டி ஏறுவதற்கு முன்னால் சத்தம் ஏறுகிறது. 365 படிகளையும் நடந்தே ஏறி வந்தவர்கள் எங்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

திருத்தணி 1960 வரை ஆந்திராவில் இருந்த ஊர். பூக்காரம்மா என்னிடம் தமிழிலும் பக்கத்தில் நின்றவரிடம் தெலுங்கிலும் பேரம் பேசினார். எந்த இடத்தில் மாறினார் என்றே தெரியவில்லை. நல்ல ஹைபிரிட் என்றால் அதுதான் ஸார். நகரத்துக்குள் இந்தக் காரும் அப்படித்தான் மாறுகிறது. மேட்டில்தான் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

‘தானே சார்ஜ் ஆகும்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். தானாக எதுவும் ஆகாது. பேட்டரியில் இருப்பதெல்லாம் நாம் பங்க்கில் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான். இந்தக் கார் ஒரு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. வீண் செலவைக் குறைக்கும். ஆனால் சம்பாதித்துப் போடாது.

1997-ல் டொயோட்டா ப்ரியஸ் ஜப்பானில் வந்தது. 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் இங்கே 21 லட்சத்துக்கு மேல் விலை வைத்து வந்து, போணியாகாமல் போனது. 2022-ல் மாருதியும் டொயோட்டாவும் லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று இறங்கிய பிறகுதான் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். 27.97 என்பது சோதனைக் கணக்கு. நாம் நம்ம ரோட்டுக் கணக்கைப் போடுவோம்.

சாதாரண காரைவிட 3 லட்சம் கூடுதல் விலை, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் சாதாரண கார் 12, ஹைபிரிட் 22 கொடுத்தால், கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 3 ரூபாய் 80 காசு. ஏறக்குறைய 79,000 கி.மீ. ஓடினால் போட்ட பணம் திரும்பிவிடும். நெடுஞ்சாலையில் 17-க்கு 20 என்றால் மிச்சம் 88 காசுதான். சென்னை-திருத்தணி போய்வர 170 கி.மீ., 150 ரூபாய் மிஞ்சும். அந்த 3 லட்சத்தை எடுக்க 2,000 தடவை முருகனைப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு தடவை என்றால் 166 வருடம். முருகன் இருப்பார், கார் இருக்காது.

அப்படியானால் இது யாருக்கு? நாள் முழுக்க நகர நெரிசலில் 200 கி.மீ. ஓடும் டாக்ஸிக்காரருக்கு. ஒன்றரை வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி கொடுக்கிறார்களே, அதில் பாதி தூரம் போதும். ஆனால் அவரால் வாங்க முடிகிறதா? மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். இந்த ரக ஹைபிரிடுக்கு செஸ்ஸோடு சேர்த்து 43 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40. அதாவது, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற காருக்கும், மிச்சமே பிடிக்காத பெரிய பெட்ரோல் காருக்கும் ஒரே வரி. யாருக்கு நிஜமாகவே லாபமோ அவர் எட்டி நிற்கிறார். தினம் 15 கி.மீ. ஆபீஸ் போய் வருகிற நாம் வாங்குகிறோம்.

இறங்கி வரும்போது நண்பன் ஆர்வமாகக் கேட்டான்: “எப்படிடா வண்டி?”

“வண்டி பிரமாதம். ஆள்தான் மாறிப்போச்சு” என்றேன்.

திரும்பி வரும்போது ஸ்டியரிங்கை அவன் என்னிடம் தரவில்லை.